கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை: கவுன்சலிங் தேவையா என்று கண்டுகொள்வது எப்படி?

சென்னையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தினேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் மாணவர் ஆலோசனைப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. என்னைத் தேடி வந்த பெற்றோரில் பெரும்பாலோர் ரேங்க் கார்டு கைக்கு வந்த மறுநாள் வந்தவர்கள். “நன்றாகப் படித்த பிள்ளை டீச்சர், திடீரென்று மார்க் குறைந்துவிட்டது” என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் திடீரென்று எதுவும் நடந்திருக்காது. தூக்கம் ஜூலையிலேயே போயிருக்கும். ஆகஸ்டில் சாப்பாடு குறைந்திருக்கும். செப்டம்பரில் நண்பர்கள் வீட்டுக்கு வருவது நின்றிருக்கும். மார்க் எல்லாவற்றுக்கும் கடைசியாக, அரையாண்டுத் தேர்வில் சரிந்திருக்கும். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசி எண்ணை மட்டும்.

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, “இது வயசுக் கோளாறா, வேறு ஏதாவதா” என்று முதன்முறையாகக் குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலையும் அல்ல, உங்கள் வேலையும் அல்ல. கூகுளில் தேடி நீங்களாக ஒரு பெயர் வைத்துவிட்டால் அடுத்து வரும் எல்லாமே சிக்கலாகிவிடும்.

முதல் படி: பழைய பிள்ளையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்

கதவைச் சாத்திக்கொள்வது நோய் அல்ல. எதிர்த்துப் பேசுவதும், கண்ணாடி முன் அரைமணி நேரம் நிற்பதும், “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அந்த வயதின் சுபாவம். இரவு பதினொன்றானாலும் தூக்கம் வராமல், காலையில் எழுப்பினால் எரிந்துவிழுவதில்கூட உடம்புக்குப் பங்கு உண்டு. பருவ வயதில், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். தேவைப்படும் தூக்கமோ 8 முதல் 10 மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு டியூஷன் வைத்துவிட்டுப் பிள்ளை சோம்பேறி என்கிறோம்.

ஆகவே பக்கத்து ஃபிளாட்டுப் பையனோடு ஒப்பிடுவதை விடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் உங்கள் பிள்ளை எப்படி இருந்தாள் என்பதோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடுங்கள். சிறு வயதிலிருந்தே அதிகம் பேசாத பெண் பேசாமல் இருப்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஓயாமல் வாயடித்தவள் ஒரு மாதமாக “ம்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள் என்றால் கவனியுங்கள். மாலையானால் மட்டையும் பந்துமாகத் தெருவில் நின்றவன் மாடியை விட்டு இறங்குவதே இல்லை. பிரியாணி வாசனைக்கே ஓடி வருபவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துகிறான். “இவன் முன்பு இப்படி இல்லையே” என்று உங்கள் வாயில் தானாக வருகிறதா? அங்கிருந்து தொடங்குங்கள்.

பார்க்கும் கண் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் பள்ளி வாட்ச்மேன் ஒரு நாள் என்னிடம் வந்து, “டீச்சர், அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒரு மாதமாக மணி அடித்து அரைமணி கழித்துத்தான் கேட்டைத் தாண்டுகிறான்” என்றார். வகுப்பில் அவன்மேல் ஒரு புகாரும் இல்லை. வீட்டுப்பாடம் ஒழுங்கு, மார்க்கும் ஒழுங்கு. மெல்ல விசாரித்ததில் விஷயம் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. பெரிய பையன்கள் இரண்டு பேர் தினமும் அவனிடம் காசு பிடுங்கியிருக்கிறார்கள். கொடுக்காத நாளில் பையைத் திறந்து புத்தகங்களை நடுரோட்டில் கொட்டியிருக்கிறார்கள். அவனுக்கு முதலில் தேவைப்பட்டது கவுன்சலிங் அல்ல, பஸ் ஸ்டாப்பில் நிற்க ஒரு பெரியவர். பி.டி. சார் இரண்டு வாரம் போய் நின்றார். அதன் பிறகும் அவன் இரவில் திடுக்கிட்டு எழுவது நிற்காததால்தான் ஆலோசகரிடம் அனுப்பினோம். இந்த வரிசை முக்கியம். அடி விழுந்துகொண்டே இருக்கும் பிள்ளையிடம் “மனதைத் திடப்படுத்திக்கொள்” என்பது அநியாயம். வீட்டிலேயே அடி விழுகிறதென்றால், குடித்துவிட்டு வரும் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மாற வேண்டியது பிள்ளை அல்ல.

இரண்டாம் படி: இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தூங்கப் போன நேரம், எழுந்த நேரம், சாப்பாடு, பள்ளிக்குப் போனது, யாரிடமாவது சிரித்துப் பேசியது. நாளுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அதில் உங்கள் தீர்ப்பை எழுதாதீர்கள். “திமிர்” என்பது தீர்ப்பு. “இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றான், 2 மணிக்கு விளக்கு எரிந்தது” என்பது தகவல். பின்னால் டாக்டருக்கு உதவப்போவது தகவல்தான். நோட்டைப் பிள்ளையின் கண்ணில் படும்படி வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரம் என்பது நானாக வைத்த கணக்கு அல்ல. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம், மனம் சோர்ந்திருப்பதோ முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவதோ இரண்டு வாரம் தொடர்ந்தால்தான் மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். பெரியவர்களிடம் சோகமாகத் தெரிவது பிள்ளைகளிடம் எரிச்சலாகவும் வெளிப்படும். “இவனுக்கு என்ன சோகம்? மூக்குக்கு மேல் கோபம்தான்” என்று சொன்ன அப்பாக்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தையும் நேரம் போட்டு எழுதச் சொல்வேன்.

திங்கட்கிழமைக் காலை வயிற்றுவலி என்று ஒன்று உண்டு. ஞாயிறு இரவு தொடங்கும், பள்ளி வேன் போனதும் குறையும், மே மாதத்தில் வரவே வராது. நடிக்கிறான் என்று அடிக்காதீர்கள். வலி உண்மை; அதன் வேர் வயிற்றில் இல்லை, பயத்தில் இருக்கிறது. இது போலவே, சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, எடை மளமளவென்று குறைவது, பர்ஸில் சில்லறை குறைவது, உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம் பேன்ட் பையில் அகப்படுவது எல்லாம் நோட்டில் ஏறட்டும். கண்டதும் ஊரைக் கூட்டாதீர்கள்.

ஊரைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. கத்திரி வெயில், மின்சாரம் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஃபேஷன் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அரிசி களைந்து தரச் சொன்னேன். பாத்திரத்துக்குள் கையை விட்டாள். சட்டைக் கை நனைந்து முழங்கை வரை ஈரம் ஏறுகிறது, மடித்துவிட்டுக்கொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஈரத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கையைப் பிடித்து இழுத்துச் சட்டையை மேலே ஏற்றினேன். கீறல்கள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். மகள் பத்து நாள் என்னிடம் பேசவில்லை. அவளை ஆலோசகரிடம் அழைத்துப் போனதும் என் தங்கைதான். இப்படித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் சாக நினைப்பவர்கள் அல்ல. தாங்க முடியாத ஒன்றைத் தாங்க அது அவர்களுக்கு அகப்பட்ட வழி. அதற்காக லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. கீறலைக் கண்டுவிட்டால் நோட்டும் வேண்டாம், இரண்டு வாரமும் வேண்டாம், நேராக ஐந்தாம் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: உடம்பைப் பார்த்துவிடுங்கள்

குடும்ப டாக்டரிடம் ஒரு தடவை. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, பி12 குறைபாடு இவற்றிலும் பிள்ளை சோர்ந்து, கவனம் சிதறி, எரிந்துவிழும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு வரை எப்படியோ தட்டித் தடவி வந்த பிள்ளை ஒன்பதில் பள்ளியையே வெறுக்கிறான், எழுத்துகள் மாறி மாறி விழுகின்றன, வாய்மொழியாகக் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்கிறான் என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இதற்கென்றே இயங்குகிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. இந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டிய பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

கோயிலில் வேண்டிக்கொள்வதையோ தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டுவதையோ நான் குறை சொல்ல மாட்டேன். மனதுக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லதுதான். அதற்காக டாக்டரைப் பார்க்கும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான்காம் படி: பேசுங்கள், ஆனால் எதிரில் உட்கார்ந்து அல்ல

அப்பா ஒரு நாற்காலி, அம்மா ஒரு நாற்காலி, நடுவில் பிள்ளையை நிறுத்திக் கேட்டால் அது போலீஸ் விசாரணை. பக்கவாட்டில் இருங்கள். வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது, பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் தின்றபடி நடக்கும்போது, துணி மடிக்கும்போது. முகத்துக்கு நேர் முகம் பார்க்க வேண்டாத இடத்தில்தான் வாய் திறக்கும். எட்டரை மணிக்குச் சீரியல் ஓடும் கூடத்தில் திறக்காது.

“உனக்கு என்னதான் குறை வைத்தோம்?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. பார்த்ததைச் சொல்லுங்கள். “கண்ணா, பத்து நாளாக ராத்திரி இரண்டு மணிக்கு உன் அறையில் விளக்கு எரிகிறது. என்ன என்று தெரியவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது.” சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அது கடினம், எனக்கு இன்றும் வரவில்லை. பிள்ளை “ஒன்றும் இல்லை” என்றால் “சரி, எப்போது வேண்டுமானாலும் சொல்” என்று அன்றைக்கு விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள். உங்களிடம் சொல்லாதது அத்தையிடமோ சித்தப்பாவிடமோ வரலாம். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் சீண்டல் பற்றிய விஷயமாக இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். “உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்” என்பதே நேர்மையான வாக்கு. 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண்.

ஐந்தாம் படி: நோட்டை மூடிவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நேரம்

“நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்ற பேச்சு. உயிராக வைத்திருந்த பொருள்களைத் திடீரென்று நண்பர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. பல நாள் அழுதுகொண்டிருந்தவர், காரணம் ஏதும் இன்றி, ஒரே நாளில் அமைதியாகிவிடுவது. உடம்பில் கீறல். இல்லாத குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது. நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருப்பது, சாப்பாட்டை அறவே நிறுத்துவது. இவற்றில் ஒன்று போதும்.

சாவைப் பற்றிய சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா அம்மா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளைகள்தான் அதிகம். “ஆமாம்” என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தாத்தாவின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். மொட்டை மாடிக் கதவையும் பூட்டுங்கள். அந்த நெருக்கடி நேரம் பெரும்பாலும் கடந்து போகும். அது வரை கைக்கு எட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும்.

எந்த நேரத்திலும் தமிழில் பேச 14416, டெலிமானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, கட்டணம் இல்லை. சென்னையின் சிநேகா அமைப்பு 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது, எண் 044-24640050. தேர்வு முடிவு வரும் நாட்களில் 104லும் மாணவர்களுக்கு ஆலோசனை தருவார்கள். இவற்றில் பெற்றோரும் பேசலாம். பிள்ளை ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டது என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே, மாறாக நிரூபிக்கப்படாதவரை, கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது.

ஆறாம் படி: யாரிடம், எங்கே

அவசரம் இல்லாதபோது எப்படி முடிவெடுப்பது? நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. வீடு, பள்ளி, நண்பர்கள் என்று மூன்று இடங்கள். மாற்றம் இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்து, இவற்றில் இரண்டு இடங்களில் பிள்ளையின் நாள் தடுமாறுகிறது என்றால் போய்ப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் ஒரு சாவு, பெற்றோர் பிரிவு, நீட் தேர்வில் தோல்வி போன்ற பெரிய அடிக்குப் பின் ஒரே இடத்தில் தடுமாறினாலும் போகலாம். போனபின் “ஒன்றும் இல்லை” என்று சொன்னால் நஷ்டம் ஒரு காலைப் பொழுது.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை தர மாட்டார். சோதனைகள் செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. மூன்றாவதாக ஆலோசகர்கள். இவர்களில் அருமையானவர்களும் இருக்கிறார்கள், ஆறு வாரச் சான்றிதழோடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், பருவ வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கும்போது பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். கீழ்ப்பாக்கத்தில் இரண்டு மருத்துவமனைகள் இருப்பதால் ஆட்டோவில் ஏறும்போது தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. அரசு மனநல மருத்துவமனை அயனாவரம் பக்கம் மேடவாக்கம் டேங்க் சாலையில் இருக்கிறது.

அந்த இரண்டாவது இடத்தின் பெயரைச் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்கும். “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று கேலி பேசியே வளர்ந்த ஊர் இது. 1794இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயர் வசைச்சொல்லாகிப்போனதால் எத்தனை பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். உறவினர் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் மற்ற மூன்றில் ஒன்றுக்குப் போங்கள். பொது மருத்துவமனை வாசலில் யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதில்லை. குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றுக்கு அண்ணா நகர் மேற்கு விரிவில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பு 1984 முதல் இயங்குகிறது. அத்தகைய நோயில் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

ஏழாம் படி: முதல் நாள்

பிள்ளையிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். “பல் டாக்டரிடம் போகிறோம்” என்று கூட்டி வந்து மனநல மருத்துவர் அறைமுன் நிறுத்திய அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் உள்ளே போய் நாற்பது நிமிடமும் சுவரையே பார்த்தாள். “மனது சரியில்லாதபோது பேசுவதற்குப் படித்த ஒருவர் இருக்கிறார். மூன்று தடவை போய்ப் பார்ப்போம். பிடிக்காவிட்டால் வேறு ஆளைத் தேடுவோம்” என்று சொன்னால் போதும். மார்க்கைச் சேர்த்துப் பேசாதீர்கள். மார்க்குக்காகத்தான் அழைத்துப் போகிறீர்கள் என்று பிள்ளைக்குத் தோன்றினால் எல்லாம் முடிந்தது.

பொதுவாக முதலில் உங்களோடு கொஞ்ச நேரம், பிறகு பிள்ளையோடு தனியாகப் பேசுவார்கள். நோட்டை அப்போது கொடுங்கள். பிள்ளை உள்ளே சொல்வது எல்லாம் உங்களிடம் வராது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வார்கள். இந்த விதியை மூவரும் இருக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதினால், எதற்கு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கூடுதலாகக் கவனித்து, மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திரும்பி வரும் வழியில் “உள்ளே என்ன சொன்னாய்?” என்று கேட்கத் துடிக்கும். கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேட்டு எங்காவது ஒரு தோசை வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு டியூஷனும் இருந்தால், டியூஷன் மாஸ்டருக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிடுங்கள்.